வேலூரில் இருந்தபடியே கனமான ஆங்கிலச் சொற்களைக் கைவசப்படுத்துவது எப்படி

‘முப்பது நாளில் மூவாயிரம் வார்த்தைகள்’ வகைப் புத்தகத்தை வாங்கி ‘ஏ’ எழுத்தோடு நின்றுபோனவர்கள் நம்மூரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அபேட், அபெட், அப்ஹார் என்று மளமளவென ஒப்பிப்பார்கள், ‘பி’ பக்கம் போயிருக்கவே மாட்டார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அகரவரிசை தேடுவதற்காகப் போட்ட வரிசை, படிப்பதற்காகப் போட்டதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத, ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ஐம்பது சொற்களை ஒரே ராத்திரியில் உள்ளே தள்ளினால் அவை ஒன்றையொன்று குழப்பத்தான் செய்யும்.

ஆங்கிலம் ஓரளவு வாசிக்கவும் பேசவும் தெரிந்து, அதற்கு மேல் நகர முடியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ எழுதப்போகும் காட்பாடி மாணவர், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்கிற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ், ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஷூ கம்பெனியில் உட்கார்ந்து வெளிநாட்டு பையருக்கு மெயில் போடும் மெர்ச்சண்டைசர், இவர்களில் யாராக இருந்தாலும் சரி.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்று கேட்பீர்கள். நியூசிலாந்துச் சொல்லாய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, நாவலையோ செய்தித்தாளையோ தடங்கல் இல்லாமல் வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை. அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிக்கல் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம், அதனால் எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே நாட்டைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 குடும்பங்கள்தான் இருக்கின்றன, கல்லூரிப் பாடநூல், ஆய்வுக் கட்டுரை மாதிரியான எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்து மனப்பாடம் செய்யாதீர்கள், பென்சிலை வைத்துக்கொண்டு குறி போடுங்கள்: தாராளமாக எழுத வரும், பார்த்தால் புரியும் ஆனால் எழுத வராது, சுத்தமாகத் தெரியாது என்று மூன்று குறி. இதில் நடுவில் நிற்கிற கூட்டத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பாதி தெரிந்த சொல்லை முழுசாக்குவது புதுச் சொல் பிடிப்பதைவிடச் சுலபம், பலனும் சீக்கிரம் தெரியும்.

நேஷன் சொன்ன அந்தக் கணக்கு, நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்துப் போட்டது. அதையே நீங்கள் வாசிப்பைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தலாம். முந்நூறு சொல் கொண்ட ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தாறு இருந்தால் அது உங்களுக்கான புத்தகம். பதினைந்து இருந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்த வருஷம் எடுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இனி ஊருக்கு வருவோம். சொல்லின் வேரைப் படிக்க வேலூரைவிட நல்ல ஊர் அமையாது, ஏனென்றால் 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது, அதன் பெயர்ப்பலகைகள் முழுக்க கிரேக்கமும் லத்தீனும்தான். வீட்டில் யாருக்காவது துணையாகப் போனால் எப்படியும் மணிக்கணக்கில் காத்திருக்கத்தான் போகிறீர்கள், அந்த நேரத்தில் பலகைகளைப் படியுங்கள். கார்டியாலஜி, நெஃப்ராலஜி, டெர்மடாலஜி என்பதெல்லாம் இதயம், சிறுநீரகம், தோல் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது, அந்த வேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே எங்கே போயிருக்கிறது என்று துரத்த வேண்டும். தோலைக் குறிக்கும் ‘டெர்ம்’ யானைக்கான பாக்கிடெர்ம் என்ற சொல்லில் இருக்கிறது, தடித்த தோல்காரன் என்று அர்த்தம். பேத்தாலஜி லேப் வாசலில் இருக்கும் ‘பேத்’ உணர்வையும் வேதனையையும் குறிப்பது, அதைப் பிடித்துவிட்டால் சிம்பதி, எம்பதி, அபதி, ஆன்டிபதி நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரியும். ஆர்த்தோவில் ‘நேரான’ என்ற பொருள் இருக்கிறது, ஆர்த்தடாக்ஸ் என்றால் நேரான கருத்து உடையவர், அதாவது மரபு மாறாதவர். அனஸ்தீசியாவில் முன்னால் நிற்கும் ‘அன்’ இல்லாமையைச் சொல்வது, மிச்சம் இருப்பது உணர்ச்சி, அதுதான் ஈஸ்தெடிக் என்று அழகுணர்ச்சிப் பக்கம் போனது. நியூரால்ஜியா என்பது நரம்பு வலி. அதே வலிதான் நாஸ்டால்ஜியாவின் வாலிலும் இருக்கிறது, ஊர் திரும்ப ஏங்கும் வலி. காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்களுக்கு அந்தச் சொல் அகராதி இல்லாமலே புரியும்.

க்ரானிக் என்று சீட்டில் எழுதியிருந்தால் அதில் காலம் இருக்கிறது. க்ரோனாலஜி, க்ரானிக்கிள், சிங்க்ரனைஸ், அனாக்ரனிஸம் எல்லாம் அதோடு வரும். கட்டி பினைன் என்றால் நிம்மதி, மாலிக்னன்ட் என்றால் கவலை. நல்லது, கெட்டது என்ற இந்த ஜோடியிலிருந்து ஒரு பக்கம் பெனவலன்ட், பெனிஃபாக்டர், மறுபக்கம் மாலிஸ், மலெவலன்ட் என்று வரிசையாக எடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. பார்க்க ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒரே வேர் இல்லை. பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர், பெடஸ்ட்ரியனில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். ஊகித்ததோடு விடாமல் அகராதியில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

வேர் பொருளைத்தான் தரும், அந்தச் சொல் யார் வாயில் வரும் என்பதைத் தராது. அதற்குக் கோட்டைக்குப் போகலாம். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் நடந்ததை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? மியூட்டினி என்றால் படைவீரர்கள் தம் அதிகாரிகளை எதிர்த்து எழுவது, கப்பல் மாலுமிகளுக்கும் சொல்வார்கள். அதில் ‘கட்டுப்பாட்டை மீறிவிட்டார்கள்’ என்ற அதிகாரியின் குரல் இருக்கிறது. ரிவோல்ட் கொஞ்சம் பொதுவான சொல். ரிபெல்லியன் என்றால் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் எடுத்தது, பெரும்பாலும் ஜெயிக்காமல் போனதற்கு வைக்கிற பெயர். அப்ரைஸிங் என்று ஒருவர் எழுதினால் அவர் எழுந்தவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார். இன்சரக்‌ஷன் என்பதில் சட்டப்புத்தக வாடை. நாமும் அதே நிகழ்ச்சியைச் சிப்பாய்க் கலகம் என்றும் வேலூர்ப் புரட்சி என்றும் சொல்கிறோமே, அதே வித்தியாசம்தான். புதுத் தலைப்பாகையைத் திணித்து, தாடியையும் நெற்றிக் குறியையும் தடை செய்ததால் எழுந்த சிப்பாய்களை, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி அன்றே அடக்கினார், பிறகு சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கை லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. இந்தக் கதையை ஆறு வரி ஆங்கிலத்தில் முதலில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து எழுதுங்கள், அப்புறம் ஒரு சிப்பாயின் தம்பியாக இருந்து எழுதுங்கள். க்வெல், சப்ரஸ், க்ரஷ் மூன்றில் எது எங்கே உட்காரும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

தமிழ் அர்த்தம் ஒன்றை மட்டும் எழுதிவைப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். விடாப்பிடி என்று எழுதினால் ஸ்டபர்ன், பெர்சிஸ்டன்ட், டெனேஷியஸ் மூன்றுக்கும் அது பொருந்தும், ஆனால் முதலாவது திட்டு, கடைசி பாராட்டு. தயக்கம் என்றால் ரிலக்டன்ட்டா ஹெஸிடன்ட்டா? முன்னது செய்ய மனசில்லாதது, பின்னது முடிவெடுக்க முடியாதது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன்னைப் பற்றியே ஸ்டபர்ன் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

அடுத்து, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: சொல்லின் கூட்டாளிகள். நாம் சண்டை போடுவோம், பந்தயம் கட்டுவோம், சபதம் எடுப்போம், எந்தப் பெயருக்கு எந்த வினை என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான், மழை ஹெவி, டீ ஸ்ட்ராங், மாற்றினால் இளிக்கும். வலியையும் வறுமையையும் அலீவியேட் செய்யலாம், பயத்தையும் சந்தேகத்தையும் அலே செய்யலாம், ஆபத்தையும் பாதிப்பையும் மிட்டிகேட் செய்யலாம். தமிழில் மூன்றுமே ‘தணிப்பது’தான். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண், அதில் சொற்கள் சரியான சேர்க்கையில் வருகின்றனவா என்றும் பார்க்கிறார்கள். ஜிஆர்இயில் 2011இலேயே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள், இப்போது வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். பழைய பட்டியலை இன்னும் விற்றுக்கொண்டிருப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கூட்டாளிகளைப் பிடிக்க ஒரு நல்ல ஆவணம் நம் மண்ணிலிருந்தே கிளம்பியிருக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்ன தீர்ப்பு அது. முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு என்பதால் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், நாளுக்கு இரண்டு பத்தி போதும். தெரியாத சொல்லை மட்டும் கோடிட்டு விட்டுவிடாமல், அதோடு ஒட்டி வரும் சொல்லையும் சேர்த்துக் கோடிடுங்கள். எஃப்ளூயன்ட்டுக்கு முன்னால் டிஸ்சார்ஜ் வருகிறதா, டேமேஜுக்கு முன்னால் இர்ரிவர்சிபிள் வருகிறதா, ஓனஸ் தனியாக வராமல் ஓனஸ் ஆஃப் ப்ரூஃப் என்று வருகிறதா, இப்படிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கட்டிக்குச் சொன்ன அதே பினைன், இங்கே சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாத செயல் என்ற பொருளில் வருவதையும் காண்பீர்கள். இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்து பார்த்த சொல் சுலபத்தில் மறக்காது. சட்ட எழுத்து அலுப்பாக இருந்தால் உங்கள் துறையின் அறிக்கை ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லும் அர்த்தமுமாக இரண்டு பத்தி போடுகிற பள்ளிக்கூட நோட்டு வேண்டாம். நீங்கள் பார்த்த வாக்கியம், கூட்டாளிச் சொல், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சொந்த வாக்கியம், அவ்வளவு போதும். ஆங்கில–தமிழ் அகராதி முதல் பார்வைக்கு, பிறகு லாங்மன் மாதிரியான, கற்பவர்களுக்காகவே செய்த ஆங்கில–ஆங்கில அகராதி. அது சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே எல்லாவற்றுக்கும் பொருள் சொல்லும், ஒரு சொல்லுக்குப் போய் இன்னும் மூன்று சொல்லில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள். இங்கே நான் எழுதுவது வேறு விஷயம், உங்கள் நோட்டில் பேட் என்று எழுதினால் பந்தடிக்கும் மட்டையா, தட்டிக்கொடுப்பதா என்று நாளைக்கு உங்களுக்கே தெரியாது.

மறதிக்கு மருந்து, சரியான இடைவெளியில் திரும்பப் பார்ப்பது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மானியர் எபிங்காஸ் தன் மீதே சோதித்து 1885இல் வெளியிட்டார். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் அதற்கு ஒரு பெட்டி முறையைப் பிரபலமாக்கினார். ஷூ டப்பாவுக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமே இல்லை, ஒன்றை எடுத்து ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை எழுதுங்கள். புது அட்டை முதல் அறையில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும், அது மூன்று நாளுக்கு ஒரு முறை, அதற்கடுத்தது வாரத்துக்கு ஒரு முறை, இப்படி இடைவெளி கூடிக்கொண்டே போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் நேராக முதல் அறைக்கு இறங்கிவிடும். போனில்தான் செய்வேன் என்றால் ஆன்கி செயலி இருக்கிறது, ஆண்ட்ராய்டில் இலவசம். ஆனால் மற்றவர் செய்துவைத்த ஐயாயிரம் அட்டைக் கட்டை இறக்கிக்கொள்ளாதீர்கள், அது மறுபடி அந்த முப்பது நாள் புத்தகம்தான். நாளுக்கு ஐந்து அட்டை, நீங்களே எழுதியது. காட்பாடியிலிருந்து சீசன் டிக்கெட்டில் சென்னை போய் வருபவர்களுக்கு ரயில் வாலாஜா தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

காதையும் விடக்கூடாது. கண்ணால் மட்டும் கற்ற சொல் வாயில் மாட்டிவிடும். எபிட்டமி நாலு அசை, பலர் எபிடோம் என்பார்கள், ஹைபர்பலியை ஹைபர்போல் என்பார்கள், டெப்ரியில் கடைசி எஸ் ஒலிக்காது, சட்டில் என்ற சொல்லில் பி ஒலிக்காது. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது என்பதால் நமக்கு இது பழக்கமில்லை, ஆங்கிலத்தில் ஆப்ஜெக்ட் என்பதை முன்னால் அழுத்தினால் பொருள், பின்னால் அழுத்தினால் ஆட்சேபிப்பது. இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், தட்டிக் கேட்டு இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக, பயன்படுத்துவது. பிடித்த சொல்லை அந்த வாரத்துக்குள் ஒரு மெயிலிலோ குறிப்பிலோ போட்டுவிட வேண்டும், ஒரு மெயிலுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நர்ஸாக இருந்தால் ஓஇடியில் பெரும்பாலும் கேட்கப்படும் பரிந்துரைக் கடிதத்தையே எழுதிப் பழகலாம், அங்கே அலங்காரச் சொல் வேண்டாம், எக்ஸாசர்பேட் (நோயை அதிகமாக்குவது), அலீவியேட் மாதிரி இடம் பார்த்து உட்காரும் சொல் போதும். சேர்க்கை சரியா என்று சந்தேகம் வந்தால் இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள், நல்ல பத்திரிகைகளில் அப்படியே வந்திருந்தால் தைரியமாக எழுதலாம். நம்மூர்ச் செய்தித்தாளில் மட்டும் வந்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மிஸ்க்ரியன்ட்ஸ், ப்ரிபோன், டூ தி நீட்ஃபுல் எல்லாம் இங்கே செல்லும் காசுதான், நானும் எழுதுகிறேன், ஆனால் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் பையருக்கு டூ தி நீட்ஃபுல் என்று எழுதினால் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று திரும்பக் கேட்டு மெயில் வரும். அவருக்குச் செய்ய வேண்டிய வேலையையே எழுதிவிடுங்கள்: திங்கட்கிழமைக்குள் சாம்பிளை அப்ரூவ் செய்யவும்.