வீட்டுக்கு நாஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஃபைல்களைச் சேமித்துவைக்கும் பெட்டி, வைக்கலாம் என்று இருக்கிறேன், என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அதுவும் ஆரம்பத்தில் நான் வாங்கியது மாதிரியே வாங்கியிருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது, ஒயரைத் தப்பாகச் செருகுவது எல்லாம் ஒரே நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடலாம். பணத்தை விழுங்கிவிட்டு, பல மாதம் கழித்து வெளியே தெரிகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வேகத்துக்காக எஸ்எஸ்டி போடுவது

ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டி வேகமானதுதான், ஆனால் கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் நடைமுறையில் கிடைக்கும். பெரிய ஃபைல்களை நகலெடுக்க அந்த வேகத்தைச் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றே கொடுத்துவிடும். ரவுட்டரில் இருப்பது 100 மெகாபிட் போர்ட் என்றால் இன்னும் மோசம், 12 மெகாபைட்டைத் தாண்டாது. முதலில் ரவுட்டரைப் பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடைக்கிறது என்று நினைப்பது

பழைய கம்ப்யூட்டரை நாஸாக மாற்றும் ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டால் நன்றாகவே ஓடும், கற்றுக்கொள்ளவும் நல்ல வழி. ஆனால் 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் வருடத்துக்கு 525 யூனிட் மின்சாரம் ஆகிறது. இரண்டு டிஸ்க் போடும் சின்ன நாஸ் பெட்டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒன்றிரண்டு வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். எந்தப் பெட்டி, எந்த பிராசஸர், எவ்வளவு ரேம் என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள், டிஸ்க் என்று வந்ததும் "4 டெராபைட்டில் எது விலை குறைவு?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள். டேட்டா இருக்கப்போவது டிஸ்க்கில்தானே!

ஹார்ட் டிஸ்க்குகளில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. சிஎம்ஆரில் டேட்டா எழுதப்படும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் அதே தகட்டில் கூடுதல் இடம் கிடைக்கிறது, விலையும் குறைகிறது. ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதன்மேல் ஏறியிருக்கும் தடங்களையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும். இந்தத் தாமதம் தெரியாமல் இருக்க, டிஸ்க் முதலில் தனியாக ஒதுக்கிய ஒரு பகுதியில் எழுதி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். தினசரி பயன்பாட்டில் வித்தியாசமே தெரியாது, அதனால்தான் வாங்கியவர் நல்ல டிஸ்க் என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

ரெய்டில், அதாவது ஒன்று போனாலும் டேட்டா தப்பிக்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பில், ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கைப் போட்டு மீட்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். அப்போது டிஸ்க்குக்குச் சும்மா இருக்கும் நேரமே கிடைக்காது. ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் வேகம் அதலபாதாளத்துக்குப் போகும், அதிலும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் என்றால் சில மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை நாள்கணக்கில் இழுக்கும். நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. மீட்பு பாதியில் நின்று, புது டிஸ்க்கையே பழுது என்று சிஸ்டம் வெளியே தள்ளிவிட்டது. டிஸ்க்தான் கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று நினைத்து அதே மாடலில் இன்னொன்று வாங்கிப் போட்டார், அதற்கும் அதே கதி. அத்தனை நாளும் மிச்சமிருந்த பழைய டிஸ்க்குகள் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருந்தன, அவற்றில் இன்னொன்று போயிருந்தால் குழந்தைகளின் படங்கள் உட்பட எல்லாமே போயிருக்கும்.

"நாஸுக்கான டிஸ்க்" என்று அட்டையில் போட்டிருந்தாலும் நம்ப முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நிறுவனம் பட்டியல் வெளியிட்டு, சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தது. 4 டெராபைட் ரெட்டில் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடியும் மாடல் சிஎம்ஆர், இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிவது எஸ்எம்ஆர். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்! சீகேட்டில் ஐயன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர், டெஸ்க்டாப்புக்கான பாரகுடாவில் பல மாடல்கள் எஸ்எம்ஆர். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் முழு மாடல் எண்ணையும் தயாரிப்பாளரின் பட்டியலில் வைத்துச் சரிபாருங்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துப் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, ஏற்கெனவே எஸ்எம்ஆர் வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். ரெய்டில் சேர்க்காமல் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது ஒருமுறை எழுதி எடுத்துவைக்க அது தாராளமாகப் போதும்.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பது

தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால், ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் மிரர் என்ற ரெய்டு வகையில் இரண்டு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழிந்துவிடும். இரண்டே டிஸ்க்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஒன்றை நாஸில் போடுங்கள், மற்றதில் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைப்பது

வேண்டவே வேண்டாம், அது இணையத்தில் இருக்கும் எவருக்கும் உங்கள் நாஸுக்கு வழி திறந்துவிடுவது. 2021-இல் க்யூலாக்கர், 2022-இல் டெட்போல்ட் என்று ரான்சம்வேர்கள் இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர ஒரு பாதுகாப்பான தனிவழி) போட்டு அதன் வழியாக உள்ளே வாருங்கள்.

அப்டேட் நின்றுபோன பழைய நாஸை மலிவாக வாங்குவது

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.