‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாதவை

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், அவர்களை நாற்காலியில் உட்கார வைப்பதுதான். “இத்தனை வருஷம் உழைச்சது போதும்மா, நீங்க சும்மா உட்காருங்க.” மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறிய குடும்பங்களில் இதைக் கேட்காத அம்மா குறைவு. பாசம்தான். ஆனால் என்னைக் கேட்டால், முதுமையில் உடம்பைக் கெடுக்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

30 வயதைத் தாண்டிய உடம்பு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசையை இழக்கிறது. 60க்குப் பிறகு வேகம் இன்னும் கூடும். இது எல்லாருக்கும் நடப்பது. நாள் முழுக்க தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கோ மிக விரைவாக நடக்கும். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்கள், வேலை நின்ற கொஞ்ச நாளில் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாத நிலைக்கு வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் முதியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவைத்தான் சொல்கிறது, கூடவே தசைக்கும் உடல் சமநிலைக்கும் தனிப் பயிற்சி. ஜிம் எதுவும் வேண்டாம். காலையில் திடலைச் சுற்றி நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போதும். “முட்டி வலிக்குதே, எப்படி நடக்கிறது?” என்பார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் தொடைத் தசை வலுவானால் வலி குறைவதுதான் வழக்கம். மெதுவாகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

தசைக்கு அடுத்த எதிரி சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. கோழியும் மீனும் பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டிக்கு ஒரு கரண்டி சோறும் ரசமும். “வயசான காலத்துல எனக்கு எதுக்கு?” என்று அவரே ஒதுக்கிவிடுவார். உண்மை நேர்மாறானது. ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் முதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளுக்கு 55 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். ரசம் சோற்றால் இந்தக் கணக்கு தேறாது. பருப்பு, தெம்பே (புளிக்கவைத்த சோயா), தௌஹு (சோயாக் கட்டி), நெத்திலி, முட்டை எல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைப்பவைதான். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயது ஏற ஏற நாக்கும் மூக்கும் மந்தமாகும். அதனால்தான் தேத்தண்ணியில் இனிப்பு டின் பால் ஒரு கரண்டி கூடுகிறது, குழம்பில் உப்பு ஏறுகிறது. நம் வீடுகளில் இது விளையாட்டல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு.

ஆகவேதான் நோயை வயதின் தலையில் கட்டிவிடும் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதற்குச் சர்க்கரை நோய் காரணமாகலாம். ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கமும் காரணமாகலாம். பாதம் மரத்துப்போவது, படியேறினால் மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் மெலிவது, கோயிலுக்குக்கூடப் போகப் பிடிக்காமல் சுருண்டு கிடப்பது, இவை எதுவும் முதுமையின் இயல்பு இல்லை. பார்வை மங்கினால் அது பெரும்பாலும் கண்புரை. அறுவை சிகிச்சையில் சரியாகும். இருமினால் சிறுநீர் கசிவதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் அம்மாக்கள் உண்டு. அதற்கும் பயிற்சியும் சிகிச்சையும் இருக்கின்றன. முதுமையில் தாகம் எடுப்பதே குறையும் என்பதால், அப்படிக் குறைப்பது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும்.

பரிசோதனைக்குப் பணமில்லை என்பவர்கள் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசின் ‘பெக்கா பி40’ திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். எஸ்டிஆர் என்னும் அரசு உதவித்தொகை பெறுபவரும் அவர் துணையும், 40 வயதாகியிருந்தால், ஐசியை (அடையாள அட்டையை) கொண்டுபோய் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: இயல்பான மாற்றத்துக்குப் பயப்படுவது. பெயர் சட்டென்று வராமல் பத்து நிமிடம் கழித்து ஞாபகம் வந்தால் அது மறதி நோய் அல்ல. தினமும் போகும் கடைக்கு வழி தவறுவது, ஒரே கேள்வியை அரை மணிக்குள் மூன்று முறை கேட்பது, பணக் கணக்கில் திடீரென்று தடுமாறுவது, இவற்றைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கமும் அப்படியே. இரவு ஒன்பதுக்குப் படுத்தவர் நாலு மணிக்கு விழித்தால் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டார் என்று பொருள். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) அந்த நேரத்தில் எழுந்தே ஆயுள் கழிந்தவருக்கு அது புதிதும் அல்ல! இதற்குப் போய்த் தூக்க மாத்திரை கேட்பதால் இரவில் தடுமாறி விழும் அபாயம்தான் கூடும்.

மருந்து விஷயத்தில் நம்மவர்களின் துணிச்சல் தனி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) “முட்டி வலிக்கு ஒரே வாரத்தில் குணம்” என்று விற்கும் ஜாமு என்னும் நாட்டு மருந்தில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. வலி பறந்துபோவதன் ரகசியம் அதுதான். சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். முறையாகப் பதிவான மருந்தில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், இல்லாததைத் தொடாதீர்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளிலும் பல, தினமும் விழுங்கினால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது இன்னொரு வழக்கம்; இறங்கியதே மாத்திரையால்தான். கிளினிக் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், எண்ணெய் லேகியம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, குளியலறை. ஈரத் தரையில் ரப்பர் விரிப்பு, சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் எரியும் சின்ன விளக்கு, இந்தச் செலவு இடுப்பெலும்பு முறிவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். அப்படியும் கண் இருட்டினால், அடுத்த தடவை கிளினிக்கில் நின்றபடியும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.