உப்புக்காற்றில் பழைய வில்லிஸ் ஜீப்: சேஸியைக் காப்பாற்றும் வழி

பாம்பனிலிருந்து தொண்டி வரை, பழைய ஜீப் விலைக்கு வந்தால் எல்லாரும் முதலில் பானெட்டைத்தான் தூக்குகிறார்கள். இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஓடாமல் நின்றுபோன இன்ஜினைக்கூட ஓட வைத்துவிடலாம். இந்தக் கரையில் ஜீப் சாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியில், அதுவும் உள்பக்கத்திலிருந்து. வாங்கப் போகும்போது கையில் ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் இருக்கட்டும்.

அதற்கும் முன்னால், எந்த ஜீப் என்று தெரிந்துகொள்ளுங்கள். ‘வில்லிஸ்’ என்று சொல்லி விற்பவை எல்லாம் ஒரே வண்டி இல்லை. 1940-ல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் இலகு வண்டி ஒன்றைக் கேட்டது. மாதிரி வண்டிக்கு 49 நாள்தான் கெடு. அதைச் செய்து கொடுத்தது பென்சில்வேனியாவின் பேன்டம் கம்பெனி. ஆனால் 1941-ல் பெரிய ஆர்டர் ஓஹியோ மாநிலத்து டொலிடோவில் இருந்த வில்லிஸ்-ஓவர்லேண்டுக்குப் போனது. அவர்களுடைய ‘கோ டெவில்’ இன்ஜின் 2.2 லிட்டரில் 60 குதிரைத்திறன் கொடுத்தது. போட்டியில் இருந்த மற்றவர்களிடம் அந்த பலம் இல்லை. போர்த் தேவை பெருகியதும் அதே வண்டியை ஃபோர்டும் செய்தது.

முன் கிரில்லில் ஒன்பது துளை இருந்தால் அது போர்க்கால வண்டி. ரேடியேட்டருக்குக் கீழே முன் குறுக்குச்சட்டத்தைத் தடவிப் பாருங்கள்: உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்.பி., கவிழ்த்த ‘ப’ போல இருந்தால் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஏழு துளை, கிரில்லை விட்டு முன்னே துருத்திய பெரிய ஹெட்லைட் என்றால் போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. (சிவிலியன் ஜீப்) வகை. நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் உயர்ந்த பானெட் கொண்ட சி.ஜே.3பி. 1947-லிருந்து இங்கே வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்த மஹிந்திரா, உரிமம் பெற்று இதைப் பல ஆண்டு செய்தது. அந்த உயரத்துக்குக் காரணம் ‘ஹரிகேன்’ இன்ஜின்: அதில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். 1953-ல் அமெரிக்காவில் அந்த வண்டி வந்த ஆண்டே வில்லிஸ் கம்பெனி கைசர் கைக்குப் போனது.

இன்ஜின்களின் இந்த வால்வு வேறுபாடு தெரியாமல் டேப்பட் பிடித்தால், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளியைச் சரிசெய்தால், வால்வு எரிந்துபோகும். ஹரிகேனில் குளிர்ந்த நிலையில் இன்லெட் 18 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்ட் 16 தௌ. எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். மேலே மட்டும் பிடித்துவிட்டு மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எம்.பி.யில் இரண்டு வால்வுக்கும் 14 தௌ. பிளக் இடைவெளி இரண்டு இன்ஜினுக்கும் 30 தௌ, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

இனி சுத்தியல். ஸ்பிரிங் ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் கொக்கி) மாட்டும் இடம், பின் குறுக்குச்சட்டம், பெட்டி போல் மூடியிருக்கும் சேஸித் துண்டுகள், பேட்டரித் தட்டு: இவற்றை வரிசையாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று திருப்பிப் பேசும். ‘டொக்’ என்று விழுந்தால் உள்ளே துரு அடுக்கடுக்காக உரிந்து கிடக்கிறது. போர்க்கால வண்டியில் இன்னொரு இடமும் உண்டு. தரைத்தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவத் தகரம் ஓடும். அதற்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். அந்த மரம் உப்புநீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் விடாது. ஸ்க்ரூடிரைவரால் அந்தத் தகரத்தை அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கும். அப்படியிருந்தால் தரையை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

கழுவுவதில்தான் நம் பக்கத்தில் பெரிய பிழை நடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. அதைக் கொண்டு கழுவினால் உப்பின் மேல் உப்பு. சோப்பு நுரைக்காத தண்ணீரை வண்டியின் அடியில் அடிக்காதீர்கள். மழைத்தொட்டித் தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ நாலு குடம் போதும், ஆனால் சேஸியின் துளைகள் வழியாக உள்ளேயும் போக வேண்டும். மணல் அடைத்த வடிதுளைகளை முதலில் கம்பியால் குத்தி விடுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு பூச்சு. வெளிப்பக்கத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி தடவி, ஒரு நாள் விட்டு, எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட். உள்பக்கத்துக்கு பெயின்ட் எட்டாது. ஒரு லிட்டர் புது 90 கியர் ஆயிலில் 250 கிராம் தேன்மெழுகு போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீ கூடாது. அடுப்பை விட்டு வெளியே கொண்டுவந்து, கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றி இளக்கி, நீண்ட குழாய் மாட்டிய ஸ்ப்ரேயரால் இருக்கிற துளைகள் வழியாகவே அடியுங்கள். இதற்கென்று சேஸியில் புதுத் துளை போடாதீர்கள். கறுத்த பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை. அதில் அமிலம் சேர்ந்திருக்கும், பிரேக் ஹோஸ் ரப்பரை உப்ப வைக்கும், மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடல்நீரில் இறங்க வேண்டி வந்தால், ஓடிவந்த சூட்டோடு இறக்காதீர்கள். சூடான டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரக் கூடு) சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அரை மணி நேரம் நிறுத்திவிட்டு இறங்குங்கள். மறுநாள் காலை வண்டியை அசைக்காமல் டிரெய்ன் பிளக்கை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன் அதுதான் சொட்டும். ஆயில் மோர் நிறத்தில் வந்தால் முழுவதும் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸில் பித்தளைப் பாகம் இருப்பதால் அங்கே ஜி.எல்.4 தர ஆயில்தான்.

முன் ஆக்சிலின் முனையில், சக்கரம் திரும்பும் இடத்து உருண்டையைச் சுற்றி ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வளையம் இருக்கும். அது உப்புநீரில் ஊறினால் உருண்டை புள்ளி புள்ளியாக அரித்து, கிரீஸ் வழிய ஆரம்பிக்கும். அரித்த உருண்டையில் புது ஃபெல்ட் போட்டாலும் கசிவு நிற்காது. கடலில் இறங்கிய அன்றே துடைத்து கிரீஸ் பூசுவதுதான் வழி. அன்றே நான்கு டிரம்மையும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். இடப்பக்கச் சக்கர நட்டுகள் பழைய வண்டிகளில் இடந்திருகு, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் பலம் கொடுத்தால் ஸ்டட் முறியும். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே இருப்பதால் நீர் அதையும் தொடும். பிரேக் ஆயிலை வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

நிறுத்தும் இடம் பாதி மருத்துவம். மணல் ஈரத்தைப் பிடிக்கும். சிமென்ட் தளமோ கல் பாவிய தரையோ வேண்டும். தார்ப்பாய் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு ஏறும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் காற்று வரும் பக்கம் ஓலைத்தட்டியால் மறைத்து, எதிர்ப்பக்கம் திறந்த கொட்டகையில் வண்டியை விடுங்கள்.