கை விறைப்பு: வயலிலும் மாட்டுக் கொட்டிலிலும் நாம் விடும் பிழைகள்

என் கையில் ஏதோ கோளாறு என்பதை எங்கள் சிவலை மாடுதான் முதலில் கண்டுபிடித்தது. விடிய ஐந்து மணிக்குப் பால் கறக்கக் குந்தினால், ஒழுங்காக அழுத்தவில்லை என்று காலை உதறும். நான் மாட்டைத் திட்டினேன். ஒரு மாதம் கழித்துத் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவி உடைந்த அன்றுதான் பிழை மாட்டில் இல்லை என்று விளங்கியது.

அதற்கு முன்பே இரவுகள் கெட்டிருந்தன. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் விரல்கள் விறைத்து, எறும்பு ஊர்கிறமாதிரி, சில இரவு சுடுதண்ணி ஊற்றினமாதிரி எரிந்து எழுப்பிவிடும். எழும்பியிருந்து கையை நன்றாக உதறினால் அடங்கும். "என்ன பிள்ளை, இரவிரவாக் காப்புச் சத்தம் கேக்குது?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். சொன்னேன். "எனக்கும் உப்பிடித்தான். வயசு போனா வாறதுதானே" என்றார். அவருக்கு அறுபத்தைந்து, எனக்கு நாற்பத்திரண்டு.

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் இது புதுக்கதை இல்லை. கச்சான் ஆய்கிற பெண்கள், மேசன்மார், கரைவலை இழுக்கிறவர்கள், புல்லு வெட்டும் மெஷின் பிடிக்கிற பொடியன்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் கையை நீட்டிக் காட்டுவார். டொக்டர்மார் இதைக் கார்பல் டனல் என்கிறார்கள். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகள் சேர்ந்த ஒரு வாய்க்கால், அதன் மேல் மூடிபோல ஒரு தடித்த நார்ப்பட்டி. விரல்களை மடக்கும் 9 தசைநார்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. ஒரு சின்ன மதகுக் குழாய்க்குள் ஒன்பது கயிறும் ஒரு வயரும் விட்டிருக்கிறது என்று வையுங்கள். கயிறுகளைச் சுற்றிய சவ்வு தடித்தால் குழாய் விரியாது. நசிவது வயர்தான்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். எந்த விரல் என்று பார்க்காமல் "கை முழுக்க விறைக்குது" என்று சொல்வது ஒன்று. நானும் அப்படித்தான் சொன்னேன். டொக்டர் விடவில்லை. "சின்னிவிரலும் விறைக்குதா? இரவு எழும்பேக்க வடிவாப் பாத்து வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். பார்த்தேன். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், பிறகு மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. சின்னிவிரலுக்கு ஒரு குறையும் இல்லை. நசிகிற நரம்பு உணர்ச்சி கொடுப்பது அவ்வளவுக்குத்தான், அதனால் அந்த மூன்றரை விரல் கணக்கு நல்ல அடையாளம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி 60 வினாடி பிடிக்கச் சொன்னார். எனக்கு அரை நிமிடத்திலேயே விரல்நுனிகள் ஊறத் தொடங்கின.

சின்னிவிரல் பக்கம் மட்டும் விறைத்தால் முழங்கையில் ஓடும் வேறு நரம்பைப் பார்க்க வேண்டும். கழுத்தில் தொடங்கித் தோள் வழியே இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். பாதங்கள்தான் முதலில் விறைத்தன என்றால் சீனி வருத்தமாக இருக்கலாம். விறைப்போடு தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தால் தொழுநோயையும் நினைக்க வேண்டும். இலங்கையில் அது இன்னும் ஒழியவில்லை. மருந்து இலவசம், குணமாகும், ஆனால் மறைத்துவைத்தால் கை போய்விடும். ஒரு பக்கக் கை திடீரென்று விழுந்து வாயும் கோணினால் அது பக்கவாதம். அதற்கு 1990 அம்புலன்ஸை உடனே கூப்பிட வேண்டும்.

எங்கள் பகுதிக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 யுத்தத்தில் பட்ட காயம் கையிலோ தோளிலோ கழுத்திலோ இருந்தால், அது ஆறிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தாலும், டொக்டரிடம் சொல்லுங்கள். பழைய காயமே நரம்பைப் பிடித்திருக்கலாம். அதோடு, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் எறிகணைச் செல் துண்டு இருப்பதை முதலே சொல்லியாக வேண்டும். அந்த மெஷின் பெரிய காந்தம், இரும்புத் துண்டை உள்ளேயே அசைக்கக்கூடியது. "உதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை" என்று இருப்பவர்கள் எனக்குத் தெரியும். இந்த ஒரு இடத்திலாவது கதைக்கத்தான் வேண்டும்.

அடுத்த பிழை, பகல் வேலையை மட்டும் குற்றம் சொல்லி இரவை மறப்பது. நித்திரையில் நாம் மணிக்கட்டை மடக்கித் தலைக்குக் கீழோ நெஞ்சுக்குள்ளோ சுருட்டி வைக்கிறோம். மடங்கிய மணிக்கட்டில் அந்தக் குழாய் இன்னும் நெருக்கமாகும். ஆகவே முதல் வைத்தியம் பெரும்பாலும் ஒரு மணிக்கட்டுப் பட்டிதான். உள்ளங்கைப் பக்கம் ஒரு தகடு இருக்கும், விரல்கள் வெளியே. இதிலும் நான் இரண்டு பிழை விட்டேன். ஒன்று, பட்டிக்குப் பதிலாகப் பாமசியில் இழுபடும் பண்டேஜ் வாங்கி இறுக்கிச் சுற்றியது. ஏற்கெனவே நசியும் இடத்தை மேலும் நசித்தால் என்ன நடக்கும்? அன்றிரவு மூன்று தரம் எழும்பினேன். இரண்டாவது, சரியான பட்டியைப் பகல் முழுக்கப் போட்டுக்கொண்டு மண்வெட்டி பிடித்தது. மணிக்கட்டு அசையாவிட்டால் முழங்கையும் தோளும் அந்த வேலையைச் செய்யும், பிறகு அவையும் நோகும். பட்டி முக்கியமாக இரவுக்கு. கடையில் வாங்கும் பல பட்டிகளில் தகடு கையை மேல்நோக்கி வளைத்திருக்கும். கை நேராக நிற்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தகட்டை எடுத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள். ஆறு கிழமையாவது விடாமல் போட வேண்டும். மூன்று நாள் போட்டுவிட்டு "உது சரிவராது" என்று அசவில் தொங்கவிட்ட ஆட்களில் நானும் ஒருத்தி.

நோக்குளிசைக் கதை கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாமசியில் கைநோ என்றால் கேள்வி இல்லாமல் டைக்ளோபினாக் எடுத்துத் தருகிறார்கள், நாமும் வேலைக்குப் போகும்முன் ஒன்று, வந்து ஒன்று என்று விழுங்குகிறோம். நரம்பு நசிவதால் வரும் விறைப்புக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. சிறுநீரகத்துக்கோ நன்றாகச் செய்யும். வவுனியாவின் சில கிராமங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. நாள்முழுக்க வெயிலில் நின்று, தண்ணியும் குறைவாகக் குடித்து, மேலே இந்தக் குளிசையும் என்றால் சொல்லத் தேவையில்லை. "நரம்புச் சத்து" என்று விற்றமின் பி6 ஐ மாதக்கணக்கில் அள்ளிப் போடுவதும் இப்படித்தான். அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

எண்ணெய் பூசி உருவுவதை நான் குறைசொல்லவில்லை. இளஞ்சூட்டு ஒத்தடம் கைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் மணிக்கட்டின் உள்பக்கம் பெருவிரலால் ஊன்றி உருவுவதும், சொடுக்கு எடுக்கிறேன் என்று கையை மடக்கி முறிப்பதும் வேண்டாம்.

இதில் வேலை பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. "வேலையை விடுங்கோ" என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். நான் விட்டால் மாட்டை யார் கறப்பது? வேலையை விடுவது நமக்கு நடக்காத காரியம், பிடிக்கிற விதத்தை மாற்றலாம்.

பால் கறப்பதையே எடுங்கள். பெருவிரலை மடக்கி, அதன் முட்டியால் முலைக்காம்பை அழுத்தி இழுத்துக் கறப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தப் பிடி என் பெருவிரல் அடித்தசைக்கும் கேடு, மாட்டின் காம்புக்கும் கேடு. முழுக்கையாலும் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு வந்தால் இழுக்கத் தேவையில்லை. பழக எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. குந்துகிற பலகையையும் ஒரு சாண் உயர்த்தினேன், மணிக்கட்டு மடங்காமல் முழங்கைக்கு நேரே நிற்கிறது. சிவலை இப்போது உதைப்பதில்லை.

கச்சான் அதைவிட மோசம். ஆய்வதும் உடைப்பதும் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்கிற கிள்ளல் வேலை. ஒரு மூட்டைக்கு எத்தனை ஆயிரம் கிள்ளல் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வாளிக் கணக்கில் காசு என்றால் யாரும் நிறுத்தமாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வாளி நிரம்பியதும் எழும்பி, செடி பிடுங்கவோ சாக்குக் கட்டவோ பத்து நிமிடம் போய் வரலாம். விதைக்கு உடைக்கிற கச்சானை ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

மண்வெட்டி, கத்தி, அரிவாள் மூன்றுக்கும் ஒரே கணக்குத்தான்: கூர் மழுங்கினால் பிடி இறுகும். தீட்டாத கத்தியால் வேலி அலம்பல் வெட்டுகிறவர் ஒவ்வொரு வெட்டுக்கும் தன் நரம்பையும் சேர்த்து அமத்துகிறார். மெல்லிய பிடி என்றால் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுங்கள், வழுக்காது, இறுக்கிப் பிடிக்கவும் தேவையில்லை. விரல் சுற்றி எட்டாத அளவுக்குத் தடிப்பாக்கினால் பிறகு அதுவும் பிழை. புல்லு மெஷினையும் லாண்ட்மாஸ்டரையும் பிடிக்கிறவர்களுக்கு நடுக்கம்தான் எதிரி. கையைப் பூட்டிக்கொண்டு நாள்முழுக்க நிற்காமல் ஆள்மாறிப் பிடியுங்கள். கிரவல் றோட்டில் இருபது கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில் போனாலே விரல் விறைத்துவிடும், அது தனிக்கதை.

ஊன்றுகோலில் நடக்கிறவர்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கண்ணிவெடியில் காலை இழந்து, கோலையும் பிடித்து, தோட்டமும் செய்கிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கை அடியில் விழுகிறது. கோலின் பிடிக்கு மெத்தென்று துணியோ றப்பரோ சுற்றுவதும், உயரத்தைச் சரிபார்ப்பதும் அவர்களுக்கு மருந்துக்குச் சமம்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை இது: நோவு நின்றால் சுகம் வந்துவிட்டது என்று நினைப்பது. மாமிக்கு நடந்தது அதுதான். இரண்டு வருடம் இரவில் எழும்பியவர், "இப்ப எரிவு இல்லைப் பிள்ளை, சும்மா மரத்துப்போய்க் கிடக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார். கையைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய தசை பள்ளம் விழுந்திருந்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, ஊசிக்கு நூல் கோர்க்க வரவில்லை. சூடான சட்டியைப் பிடித்த கொப்புளமும் இருந்தது, எப்போது சுட்டது என்று அவருக்கே தெரியாது. நரம்பு களைத்து அடங்கினால் எரிவும் அடங்கும். அந்தக் கட்டத்தில் சத்திரசிகிச்சை செய்தாலும் முழுதாக மீளும் என்று சொல்ல முடியாது. நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். மாதக் கணக்கு. விறைப்பு நாள்முழுக்க நின்றாலோ, பொருட்கள் கைநழுவினாலோ, இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றின் மேடு குறைந்திருந்தாலோ அடுத்த கிளினிக் நாளைக் காத்திருக்காமல் போங்கள். போகும்போது சீனியும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் இந்த நோயைக் கொண்டுவரும். கர்ப்பகாலத்தில் வந்தால் பயம் வேண்டாம், பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் போய்விடும். மருத்துவமாதுவிடம் சொல்லி இரவுப் பட்டி போட்டால் போதும்.

ஊசி போடுவார்கள். ஸ்டீரொய்ட் ஊசி. சில கிழமை, சில மாதம் சுகம் தரும். சுகம் வந்ததும் விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்வது அதற்கு அடுத்த பிழை. சீனி உள்ளவர்களுக்கு ஊசி போட்டபின் சில நாள் சீனி ஏறும், முதலே சொல்லி வையுங்கள்.

"ஒப்பரேசன் செய்தா நரம்பை வெட்டிப்போடுவாங்கள்" என்று பயந்து நானும் எட்டு மாதம் கடத்தினேன். வெட்டுவது மேலே மூடியிருக்கும் நார்ப்பட்டியை. கை மட்டும் மரக்க ஊசி, நான் விழித்துக்கொண்டு நேர்ஸ் பிள்ளையோடு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அன்றே வீடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. இரவு எழுப்பும் எரிவு பலருக்குச் சீக்கிரமே விட்டுவிடும், எனக்கு முதல் கிழமையே விட்டது. உள்ளங்கை அடி ஊன்ற நோவது மட்டும் இரண்டு மூன்று மாதம் இருந்தது.

பிழை விடுவது அதற்குப் பிறகுதான். விரல்களை முதல் நாளிலிருந்தே மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், கட்டைப் பார்த்துப் பயந்து அசையாமல் வைத்தால் விரல் பிடித்துவிடும். தையல் எடுக்கப் பத்துப் பதினான்கு நாளாகும், அதுவரை கை நனையக் கூடாது. வயல் தண்ணிக்குள்ளும் சாணத்துக்குள்ளும் ஆறாத காயத்தோடு இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கு வாசல் திறந்துவிட்டமாதிரி. மண்வெட்டி, வாளி போன்ற பாரமான பிடிக்கு ஆறு கிழமையாவது போகட்டும். அதனால் நாளைப் பார்த்துக் கேளுங்கள்: காலபோக அறுப்பும் கச்சானும் முடிந்து சிறுபோகம் தொடங்கும் முன்னால் ஒரு இடைவெளி கிடைக்கும். தசை வற்றத் தொடங்கியிருந்தால் மட்டும் போகம் பார்க்க வேண்டாம்.

நான் பங்குனியில் செய்தேன். ஆறு கிழமையும் பால் கறந்தது என் தங்கச்சி, சிவலை அவளையும் இரண்டு தரம் உதைத்தது. தேங்காய் திருவுவது இன்றுவரை மகன்தான். சம்பலில் கொஞ்சம் சிரட்டையும் கடிபடும், பரவாயில்லை.