புகார் வேண்டாம், ஆவணத்தைக் கேளுங்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். ஐசி (அடையாள அட்டை) நகல் எடுக்க வருகிறவர்கள், "அக்கா, ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்க" என்பார்கள். தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, வந்தவர்கள்தான் அதிகம். கால்வாய், சாலை விளக்கு, மயான நிலம் என்று அவர்கள் கேட்பதெல்லாம் நியாயம். ஆனால் புகாராக எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற ஒரே வரியோடு போய்விடுகிறது. அதனால் ஆவணத்தைக் கேட்கச் சொல்கிறேன்.

சிலாங்கூரில் 2011இல் நிறைவேறிய தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மலாய் மொழியில் எனாக்மென் கெபெபாசான் மக்லுமாட். மாநில இலாகா, நில அலுவலகம், நகராண்மைக் கழகம் ஆகியவற்றிடம் உள்ள ஆவணங்களுக்கு விண்ணப்பிக்கலாம். 1972ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டத்தின் கீழ் வருபவை கிடைக்காது.

முதலில், நீங்கள் கேட்கும் சாலையோ கால்வாயோ யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்துக்குள் ஓடும் செம்மண் சாலை கம்பெனியுடையது என்றால் இந்தச் சட்டம் உதவாது. தாமான் கால்வாயை, வீடுகளைக் கட்டிய மேம்பாட்டாளர் நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டாரா? தெரியாவிட்டால் அதற்கான ஆவணத்தையே முதலில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெளிந்துவிடும்.

அப்புறம் விண்ணப்பப் பாரத்தை நிரப்புவது. மலாயில் எழுதுங்கள். "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அது எந்தக் கோப்பிலும் இருக்காது. சாலைப் பெயரும் ஆண்டும் போட்டு, அந்தக் கால்வாய் வேலையின் ஒப்பந்தம், வேலை அளவுப் பட்டியல், வேலை முடிந்ததற்கான சான்றிதழ் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். அளவுப் பட்டியல்தான் முக்கியம். அதில் நாற்பது மீட்டர் என்று இருந்தால், அளவு டேப்போடு போய் அளந்து பார்த்துவிடலாம். அதிகாரியோடு வாக்குவாதமே தேவைப்படாது.

காரணம் கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பெற்ற தகவலை நீங்கள் எழுதிய நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்துவது குற்றம். மக்கள் வரிப்பணத்தின் கணக்கைப் பார்க்கக் காரணம் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு ஏற்பில்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. குடியிருப்பாளர் கூட்டத்தில் விளக்க, கழகத்தோடு பேச, பத்திரிகைக்குக் கொடுக்க என்று உண்மையில் செய்யப்போவதை எல்லாம் எழுதிவிடுங்கள். கட்டண ரசீதையும் சாப்பா (முத்திரை) குத்திய நகலையும் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் மாநிலத் தகவல் வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

சில விவரங்களுக்குப் பாரமே வேண்டாம். புள்ளிவிவரத் துறையின் கவாசான்கு பக்கத்தில் தொகுதிவாரியாக மக்கள்தொகை, வருமானம், வறுமை விகிதம் எல்லாம் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் அவை தொகுதி முழுவதற்குமான கணக்கு. தோட்டத்து மக்களின் நிலை தனியாகத் தெரியாது. நம் ஆட்களின் கணக்கை நாமே வீடு வீடாக எடுத்து அதனருகில் வைத்தால்தான் பேச்சுக்குப் பலம்.

தமிழ்ப்பள்ளி கல்வி அமைச்சின் கீழ் இருப்பதால் மாநிலச் சட்டம் அங்கே செல்லாது. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய், உங்கள் கேள்வியை அவையில் எழுப்பச் சொல்லுங்கள். அமைச்சர் அவையில் சொல்லும் பதில் ஹன்சார்டில், அதாவது அவைப் பேச்சுகளின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில், பதிவாகும். நாடாளுமன்ற இணையதளத்திலிருந்து அந்தப் பக்கத்தை அச்சடித்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம்.