சூப்பர் ஹீரோ படம் வரையக் கொடுத்தால்

பிள்ளையின் பிறந்தநாளுக்கு யாழ்ப்பாணத்து ஓவியர் யாரிடமாவது ஸ்பைடர்மேன் வரையக் கொடுத்திருக்கிறீர்களா? திருத்தம் இருந்தால் பென்சில் கோட்டிலேயே சொல்லிவிடுங்கள். மை போட்ட பிறகு கையை மாற்றச் சொன்னால் பாதிப் படத்தைத் திரும்ப வரைய வேண்டிவரும்.

"ஏதோ சரியில்லை" என்று வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாவம், அவர் எதைத் திருத்துவார்? "இடது தோள் கழுத்தோடு ஒட்டி நிற்கிறது" என்று அந்த இடத்தை வட்டமிட்டு அனுப்புங்கள். தலை சிறிதாகத் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். சாதாரண ஆளை 7½ தலை உயரத்தில் (அதாவது, தலையின் உயரத்தைப் போல் ஏழரை மடங்கு உயரமாக) வரைபவர்கள், ஹீரோவை 8 தலைக்கு மேலும் நீட்டுவது வழக்கம்.

வரையும் தம்பி தங்கைகளே, அனுப்புமுன் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கோணல் உடனே பிடிபடும். எத்தனை திருத்தம் வரை கூடுதல் காசில்லை என்பதை முற்பணம் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.