மாடி ஷவருக்கு பம்பு வைத்த அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் மாடி ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் இறங்கும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டியோ ஷவருக்கு மேலே 2 மீட்டர்தான். வெறும் 0.2 பார்.

1 ஹெச்பி பம்பு வாங்கப் போனேன். பிளம்பர் அண்ணாச்சிதான் தடுத்தார். "ஒத்த ஷவருக்கு எதுக்கு தம்பி அம்புட்டு? ஜாயிண்டு விட்டுரும்லா" என்றார். சரி என்று ஃப்ளோ ஸ்விட்ச் உள்ள சின்ன பிரஷர் பம்பு வாங்கினேன். குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும்.

மாட்டியதும் பார்த்தால், ஓடவே இல்லை! வயரிங்கை இரண்டு தடவை சோதித்தோம். அப்புறம் ஷவர் தலையைக் கழற்றினால், போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகத் துளைகளை அடைத்திருந்தது. ஃப்ளோ ஸ்விட்சைத் தள்ளுகிற அளவுக்குக்கூட நீரோட்டம் இல்லை. வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய பிரஷால் தேய்த்தேன். காலையில் திறந்த உடனே பம்பு ஓடியது.

பம்புக்குப் பக்கத்திலேயே, அதற்குள் போகாமல் தண்ணீர் நேராகப் போக ஒரு பைபாஸ் குழாய் போட்டு, அதில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) கட்டாயம் வையுங்கள். வால்வு இல்லாவிட்டால் பம்பு தள்ளும் தண்ணீர் பைபாஸ் வழியாகவே திரும்பிச் சுற்றும். பைபாஸ் இருப்பதால் கரண்ட் போனாலும் ஆச்சிக்குப் பழையபடி தண்ணீர் வருகிறது.